ஐயாவின் நாடியும் பேரனின் நாடியும்: குன்றக்குடிப் படியில் தொடங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, காரைக்குடியில் என் கிளினிக்குக்கு மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். 58 வயதுப் பெரியவர், அவர் மனைவி, மகள் வயிற்றுப் பேரன். பேரனுக்கு 10 வயது. யாருக்கு உடம்புக்கு என்று கேட்டேன். பெரியவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆச்சி பேரனைக் காட்டினார். இருவரையும் அழைத்து வந்தது சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய ஒரே ஒரு கைக்கடிகாரம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு குன்றக்குடி மலைக்குப் போயிருக்கிறார்கள். மேலே ஏறி முடித்ததும் பெரியவரின் கடிகாரம் 141 காட்டியது. ஒரு நிமிடம் கழித்து 133. எட்டுத் துடிப்புதான் இறங்கியிருந்தது. கைபேசிச் செயலி அதைச் சிவப்பு வண்ணத்தில் ‘குறைவு’ என்று எழுதிக் காட்டியிருக்கிறது. பேரன் சும்மா இருப்பானா? கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு கீழே ஓடி, திரும்ப மேலே ஓடி வந்திருக்கிறான். அவனுக்கு 176. ஒரு நிமிடத்தில் 121. 55 துடிப்பு இறக்கம், பச்சை வண்ணம். பெரியவர் அன்று இரவே இதை மகனிடம் போனில் சொல்ல, மகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இந்த வருடம் பழனிப் பாதயாத்திரை வேண்டாம்.

பெரியவரின் உண்மையான குறை அதுதான். “தம்பி, நான் எட்டு வருடமாகப் போகாமல் விட்டுவிட்டேன். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடியோடு நடப்பது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பேரனுக்கு ஐம்பத்தைந்து இறங்குகிறது, எனக்கு எட்டு. இதயம் அவ்வளவு பழசாகிவிட்டதா?” என்றார்.

ஆச்சியின் கவலை வேறு. கடிகாரத்தை நம்பாமல் பேரனின் மணிக்கட்டைத் தன் விரலால் பிடித்துப் பார்த்திருக்கிறார். “வேகமாக இறங்கியது சரி. ஆனால் ஒரே சீராக அடிக்கவில்லை. நாலு தடவை ஓடுகிறது, ரெண்டு தடவை தயங்குகிறது. எங்கள் வீட்டுக்காரருக்கோ சுவர்க்கடிகாரம் போல டக் டக் என்று அடிக்கிறது. பிள்ளைக்குத்தான் என்னவோ கோளாறு.”

ஆச்சி சொன்னதை அப்போது நான் பாதிக் காதில்தான் வாங்கினேன். இந்த நிகழ்வின் சாரமே அதில் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

முதல் பரிசோதனை

பெரியவருக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். நாடித்துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை எதுவும் இல்லை என்பதைச் சீட்டை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உச்சத் துடிப்பே மேலே ஏறாது. ஏறாதது எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பார்ப்பதில் அர்த்தம் குறைவு. புகைப் பழக்கம் இல்லை. நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்ததில்லை. உட்கார்ந்த நிலையில் நாடி 88, இரத்த அழுத்தம் 136/84, ஈ.சி.ஜி. இயல்பு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 சதவீதம்; அது அதிகம். தைராய்டும் இரத்த அளவும் சரியாகவே இருந்தன.

பேரன் 29 கிலோ. ஓய்வில் நாடி 82. இதயத்தில் முனகல் ஓசை எதுவும் இல்லை. குடும்பத்தில் இளவயது மரணம் இல்லை. ஓடும்போது மயங்கி விழுந்ததில்லை, உதடு நீலம் பாய்ந்ததில்லை. இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்திருந்தால் இந்தக் கதையே வேறு வழியில் போயிருக்கும்; அவனை நேராகக் குழந்தை இதய மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

மலையில் நடந்ததைத் துருவிக் கேட்டேன். பேரன் மேலே வந்ததும் மண்டபத் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். பெரியவரோ அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற ஒருவரோடு பேசிக்கொண்டு, நடுவே இன்னும் நாலு படி ஏறியுமிருக்கிறார். நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கும். அதை மேலே அனுப்ப இதயம் சற்று விரைவாகவே அடித்தாக வேண்டும். உட்கார்ந்தால் வேகமாக இறங்கும், படுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். நின்றவரின் எட்டையும் உட்கார்ந்தவனின் ஐம்பத்தைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது செயலியின் குற்றமில்லை, வைத்தவர்களின் குற்றம். பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

12 என்ற எண் எங்கிருந்து வந்தது

செயலி எந்த எல்லைக்கோட்டை வைத்து ‘குறைவு’ என்றது என்பது எனக்குத் தெரியாது. மருத்துவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது 12 என்ற எண்ணைத்தான். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனையில் டிரெட்மில் சோதனைக்கு வந்த 2,428 பெரியவர்களைச் சுமார் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1999இல் வெளியான ஆய்வு அது. உடற்பயிற்சி முடிந்த முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்த பின்னும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவர்கள் டிரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டே இருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் படுக்க வைத்து எடுத்த வேறோர் ஆய்வில் எல்லைக்கோடு 18 ஆனது. இரண்டாவது நிமிட முடிவில் 22 என்று வைத்துக்கொண்ட ஆய்வும் உண்டு. எப்படி நிறுத்தினார்கள், எந்த நிலையில் எண்ணினார்கள் என்பது தெரியாமல் அந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு அலைவது, எந்தப் படி என்று கேட்காமல் ‘மூன்று படி அரிசி’ என்று எழுதிக்கொள்வது போல.

இந்த எண்கள் எல்லாமே நடுவயதைத் தாண்டியவர்களை வைத்து வந்தவை. 10 வயதுப் பையனுக்கு இப்படி ஓர் அபாயக் கோடு கிடையாது. அவனை அந்தக் கோட்டில் நிறுத்தவும் கூடாது, அவன் அளவைக் கோடாக்கித் தாத்தாவை அதில் நிறுத்தவும் கூடாது.

பெரியவரை டிரெட்மில் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அறிக்கையோடு வந்தார். முதல் பக்கத்தில் இரத்த ஓட்டத் தடைக்கான மாற்றம் இல்லை என்ற ஒரு வரி. மீள்வு நிமிடங்களை, அதாவது பயிற்சி முடிந்து துடிப்பு இறங்கும் நிமிடங்களை, பற்றி ஒரு சொல் இல்லை. இது எனக்குப் பழகிய எரிச்சல். துடிப்பு எப்படி அடங்கியது என்பது கடைசிப் பக்க வரைபடத்தில் எப்போதும் இருக்கும். அறிக்கை எழுதுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. வரைபடத்தை விரித்து நானே குறித்துக்கொண்டேன். 7 நிமிடம் 40 விநாடி நடந்திருக்கிறார். கால் ஓய்ந்து போனதால் நிறுத்தியிருக்கிறார்கள். உச்சத் துடிப்பு 151. முதல் நிமிட முடிவில் 134. இரண்டாவது நிமிட முடிவில் 122. அதாவது நடந்துகொண்டே 17, பிறகு மொத்தம் 29.

வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் அவருக்கு எதிர்பார்க்கக்கூடிய உச்சம் 167 வருகிறது. 151 அதில் தொண்ணூறு சதவீதம். போதுமான உழைப்பு, இறக்கமும் கோட்டுக்கு மேலேயே. எட்டு என்று பயந்தவருக்குப் பதினேழு.

வளவில் ஓர் அளவு

வீட்டில் வைத்து ஒரு முறை நானே எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டேன். மருத்துவ அவசியம் என்று சொல்ல மாட்டேன், ஆர்வம்தான். உடற்கல்வித் துறையில் இருக்கும் நண்பரிடம் மார்பில் கட்டும் துடிப்புப் பட்டையைக் கடன் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். முகப்பைத் தாண்டி, முற்றமும் சுற்றுப் பத்தியுமான வளவுக்குள் நுழைந்தால் வெயில் திறந்த நடுமுற்றத்தில் மட்டும் விழுந்து கிடந்தது. சுற்றுப் பத்தியில் ஆத்தங்குடிக் கல் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. இது முக்கியம். வெக்கையில் எண்ணினால் துடிப்பு மெதுவாகத்தான் இறங்கும், ஏனென்றால் தோலுக்கு இரத்தம் அனுப்பி உடம்பைக் குளிர்விக்கும் வேலை மீதி நிற்கும்.

பேரனுக்கு மார்பில் பட்டை, கையில் அந்தச் சிங்கப்பூர்க் கடிகாரம். வளவைச் சுற்றி மூன்று நிமிடம் ஓடச் சொன்னேன். கடைசிச் சுற்றில் தூணைப் பிடித்துச் சுழன்று நின்றான். பட்டை 188 காட்டியது. கடிகாரம் அப்போது 171இல்தான் இருந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான், பட்டையில் எண் சரசரவென்று இறங்குகிறது, கடிகாரமோ 174, 177 என்று இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. தோலின் வழியே ஒளி பாய்ச்சி, சில விநாடிச் சராசரி எடுத்துக் காட்டுகிற கருவி அது. சீராக நடக்கும்போது சரியாகவே சொல்லும். முதல் ஒரு நிமிடச் சரிவில் பின்தங்கிவிடும். ஒரு நிமிடத்தில் பட்டை 126. இரண்டாவது நிமிடத்தில் 104. முதல் நிமிட இறக்கம் 62.

பெரியவர் அதே வளவை மூன்று நிமிடம் விரைந்து நடந்தார். உச்சம் 124, உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் 106. “பார்த்தீர்களா, பதினெட்டுதான்!” என்றார். 124இலிருந்து 62 இறங்கினால் மீதியும் 62தான் இருக்கும், அப்புறம் நான் உங்களைத் தரையில் படுக்க வைத்திருப்பேன் என்றேன். ஆச்சி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

ஏன் இந்த வேறுபாடு

ஓடி நின்றதும் துடிப்பு இறங்குவதில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வேலை; மூளையிலிருந்து இறங்கி வந்து இதயத்தை நிதானமாக்கும் நரம்பு அது. ஓடும்போது மூளை இந்த நரம்பின் பிடியைத் தளர்த்தி வைத்திருக்கும். நின்றவுடன் பிடி திரும்புகிறது. இந்த நரம்பை மறிக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்து ஓட வைத்தால், ஓட்டப் பந்தய வீரர்களிடம்கூட அந்த ஆரம்பச் சரிவு தொலைந்துபோகிறது என்று 1994இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். இதயம் செயலிழந்து வருபவர்களிடம் இந்தச் சரிவு முதலிலேயே மழுங்கியிருந்தது. அதன் பின்னால் நடப்பது நிதானமான வேலை: இரத்தத்தில் ஏறிய அட்ரினலின் தணிவது, தசையில் சேர்ந்த அமிலம் கழிவது, உடம்புச் சூடு இறங்குவது.

குழந்தைகளிடம் இரண்டுமே அவர்களுக்குச் சாதகம். பிடி வலுவாக இருக்கிறது. கழிக்க வேண்டிய பாக்கியும் குறைவு. விசேஷ வீட்டில் அண்டாவையும் பால் குண்டானையும் ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கினால் எது முதலில் ஆறும்? பையனின் தசை எடை சிறியது. பருவம் எய்துவதற்கு முன் தசை ஆக்ஸிஜனைச் சார்ந்தே பெரும்பாலும் எரிகிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கும் திறன் குறைவு. தசையின் உடனடிச் சக்திக் கையிருப்பான பாஸ்போகிரியேட்டின் செலவானால் அதையும் விரைவாக நிரப்பிக்கொள்கிறது. ஒரே ஒரு நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்துக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட 1991ஆம் ஆண்டு ஆய்வில், சுமை கூடக்கூடப் பெரியவர்களின் மீள்வு நீண்டுகொண்டே போனது. குழந்தைகளிடம் அந்த நீட்சி குறைவு. 2018இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பத்து வயதையொட்டிய சிறுவர்கள், பயிற்சி இல்லாத ஆண்கள், தேர்ந்த நெடுந்தூர வீரர்கள் ஆகிய மூன்று குழுவையும் கடும் மிதிப்புக்குப் பின் அளந்தார்கள். சிறுவர்களின் துடிப்பு வீரர்களுடையதைவிட விரைவாக இறங்கியது.

ஆகவே பேரனின் 62 அவன் வீரன் என்பதற்குச் சான்று இல்லை, அவன் சிறுவன் என்பதற்குச் சான்று. ஆண்டுதோறும் உயரமும் தசையும் கூட, அது தானாகவே குறைந்து வரும். குழந்தைகளுக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. வயது குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள், ஓடியாடுபவர்கள் வேகமாக இறங்குவார்கள். உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கும், பிறவி இதயக் குறைக்கு அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கும் மெதுவாக இறங்கும்.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். பையன் 188இல் நின்றபோது, 220இலிருந்து வயதைக் கழித்து, 210 வரவில்லையே, முழு மூச்சாக ஓடவில்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்தச் சூத்திரம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ஆறு வயதானாலும் பதினைந்தானாலும் டிரெட்மில் உச்சம் 195, 205க்குள்தான் சுற்றும். அவன் நன்றாகவே ஓடியிருந்தான்.

ஆச்சியின் விரல்

இனி ஆச்சி சொன்னது. பையனை மல்லாந்து படுக்க வைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கின, விடும்போது விலகின. மூச்சை அடக்கச் சொன்னேன். உடனே சீரானது. ஆச்சியின் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்து, அவனை மறுபடி மூச்சு விடச் சொன்னேன். மூன்றாவது மூச்சில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “மூச்சோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடுகிறது” என்றார். என் பாடநூலில் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கவில்லை.

இந்த ஊசலும் வேகஸ் நரம்பின் வேலைதான். ஓடும்போது காணாமல் போய், அடங்கும்போது திரும்பி வரும். அதனால்தான் ஆச்சியின் விரலுக்கு ஓட்டத்துக்குப் பிறகு பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பிள்ளையின் தடுமாற்றம் என்று அவர் பயந்தது, பிள்ளையின் துடிப்பை 188இலிருந்து 126க்கு இழுத்து இறக்கிய அதே கை.

அப்படியானால் சுவர்க்கடிகாரம் போல அடிக்கும் பெரியவரின் நாடி?

மறுநாள் கிளினிக்கில் இருவருக்கும் ஒரே சோதனை வைத்தேன். ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி விட வேண்டும்; நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அதிகபட்சத் துடிப்புக்கும் குறைந்தபட்சத் துடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எடுப்போம். பேரனுக்கு 34. பெரியவருக்கு 12. பெரியவர்களுக்கு 15க்கு மேல் இருந்தால் இயல்பு, 10க்குக் கீழே போனால் தானியங்கி நரம்புகள் (இதயம் போன்ற உள்ளுறுப்புகளை நாம் நினைக்காமலே இயக்குபவை) பழுதானதற்கு அறிகுறி என்பது பழைய கணக்கு. வயது ஏறினால் இந்த எண் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 58 வயதில் 12 என்பது இரண்டுங்கெட்டான் நிலை. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் 8 புள்ளிதான் குறைந்தது, அது கவலைப்படும் அளவு இல்லை. ஓய்வில் 88 துடிப்பு, 11 ஆண்டுச் சர்க்கரை, 12 என்ற ஊசல். மூன்றையும் ஒன்றாக வைத்தபோது, சர்க்கரை அந்த நரம்பில் கை வைக்கத் தொடங்கியிருக்கலாம் என்று எழுதிக்கொண்டேன்.

இதயம் பழசாகவில்லை, சர்க்கரையைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மாத்திரையைக் கூட்டினேன். பாதயாத்திரைக்குத் தயாராகத் தினமும் நடக்கச் சொன்னேன்: முதல் இரண்டு வாரம் அரை மணி நேரம் ஊருணியைச் சுற்றி, பிறகு மெல்லக் கூட்டி, மார்கழியில் ஒரே மூச்சில் குன்றக்குடி வரை. கடைசிப் பத்து நிமிடம் வேகம் குறைத்து நடக்க வேண்டும், சட்டென்று நிற்கக் கூடாது. கடிகாரத்தில் மீள்வு எண் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம் வந்தார். ஓய்வுத் துடிப்பு 80. மூன்று மாதச் சர்க்கரை 7.2. வளவில் அதே மூன்று நிமிட நடைக்கு உச்சம் 116, உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் 94. நான்கு துடிப்பு கூடுதலாக இறங்கியிருக்கிறது. அந்த நான்கை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது. ஒரே ஆளுக்கே ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் அவ்வளவு மாறும். ஓய்வுத் துடிப்பு இறங்கியதைத்தான் நான் நம்பினேன். மகனிடம் போனில் நானே பேசினேன். போகலாம் என்றேன்.

தைப்பூசத்துக்கு முன்பு ஒரு நாள் மதியம் நத்தத்திலிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, நாடி பிரமாதம். வழியில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.” நான் மகிழ்ந்துபோய்ப் பேசிக்கொண்டிருக்கும்போதே, சாதாரணமாகச் சொல்கிறவர் போலச் சொன்னார்: “இடது குதிகாலில் மட்டும் ஒரு கொப்புளம். உடைந்து சாக்ஸில் இரத்தம் ஒட்டியதைக் கூட வந்தவர் பார்த்துச் சொன்னார். எனக்கு வலியே தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இதயத்துக்குப் போகும் நரம்பு பழுதாகத் தொடங்கியிருக்கலாம் என்று என் கையால் எழுதியவன், பாதத்துக்குப் போகும் நரம்பைச் சோதிக்கவில்லை. உள்ளங்காலில் பத்து கிராம் நைலான் இழையை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். மூன்று மாதம் துடிப்பை எண்ணியவன் ஒரு நாள்கூட அவர் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

அவரை அங்கேயே நிறுத்தி, பஸ் ஏற்றி வரச் செய்தேன். இழையைப் பத்து இடத்தில் அழுத்தியதில் இடது காலில் நான்கு இடம் தெரியவில்லை. புண் ஆற மூன்று வாரம் ஆனது. காவடியை உடன் நடந்தவர் ஒருவர் பழனிக்குக் கொண்டுபோய்ச் செலுத்தியிருக்கிறார். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் பேரன் கூட வருவான், கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. கிளினிக் வாசலில் ஓடி, நின்று, என்னிடம் எண்ணைக் காட்டிவிட்டுப் போவான்.